பூட்டில்லாத கத்தி



சிறுவன் ஒருவன் கத்தியைக் கையில் எடுத்துவிட்டால் நம் இல்லங்களில் என்ன நிகழும் என்பதை யாவரும் அறிவோம். "கீழே வை!" என்று தாய் அதட்டுவாள். தந்தை அதனைப் பிடுங்கி, எட்டாத உயரத்தில் ஒளித்து வைப்பார். அன்பினால் எழும் அச்சம் அது. அதனைக் குறைகூறுவார் இலர். ஆயினும், ஒரு வீட்டில் நிகழும் இச்சிறு செயலை ஒரு நாடே ஒருமித்துச் செய்தால் விளைவு யாதாகும்?

ஜப்பான் நாட்டில் 1960ஆம் ஆண்டுக்குப் பின் ஏறக்குறைய அதுவே நடந்தது. அந்நாட்டுச் சிறுவர்களின் சட்டைப்பையில் அரை நூற்றாண்டுக்கு மேலாகக் குடியிருந்த ஒரு மடக்குக் கத்தி, சில ஆண்டுகளுக்குள் அங்கிருந்து மறைந்துபோயிற்று. அதனைச் செய்துவந்த பட்டறைகளின் உலைகளும் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தன. எனினும் அக்கத்தி முற்றிலும் அழிந்துவிடவில்லை. அதனைக் கையாலேயே அடித்து உருவாக்கி, அதன் பிடியில் பொன்னும் வெள்ளியும் செம்பும் கொண்டு நுண்ணிய வேலைப்பாடு செய்வோர் இன்றும் உளர். அக்கத்தி பிறந்த கதையும், அது உருவாகும் முறையும், அது மறைந்த காரணமும் பிள்ளைகளை வளர்க்கும் நமக்குச் சிந்திக்கத் தக்கவை.

மூன்று உறுப்புகள்

இக்கத்தியின் பெயர் 'ஹிகோ நோ காமி' என்பதாகும். 'ஹிகோ நாட்டின் தலைவர்' என்பது அதன் பொருள். ஜப்பானின் தென்பகுதியிலுள்ள கியூஷூ தீவில் இன்று குமமொத்தோ எனப்படும் மாநிலத்தின் பழம்பெயரே ஹிகோ. பெயர் பிரபுக்களுக்குரிய பட்டம். பொருளோ ஏழைச் சிறுவனும் வாங்கக்கூடிய எளிய கருவி.

நம் நாட்டில் பேனாக்கத்தி என்று வழங்கும் கத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். அதனினும் எளியது இது. அலகு ஒன்று, பிடி ஒன்று, இரண்டையும் இணைக்கும் ஆணி ஒன்று, அவ்வளவே. பிடி என்பது ஒரே தகட்டை நீளவாக்கில் இரண்டாக மடித்தது. பெரும்பாலும் பித்தளை, சிலவற்றில் இரும்பு. மடித்த தகட்டின் இடைவெளியில் அலகு படுத்துறங்கும். அலகின் அடிப்பகுதியிலிருந்து சிறு வால் ஒன்று பிடிக்கு வெளியே நீண்டிருக்கும். 'சிக்கிரி' என்பது அதன் பெயர். பெருவிரலால் அவ்வாலை அழுத்தினால் அலகு வெளியே வரும். வெட்டும்பொழுதும் அவ்வாலின்மேல் விரலை அழுத்தியே வைத்திருத்தல் வேண்டும். விரல் தளர்ந்தால் அலகு மடங்கக்கூடும்.

ஏனெனில், இக்கத்தியில் வில்லும் இல்லை, பூட்டும் இல்லை. ஆணியின் இறுக்கமே அதனை ஓரளவு நிறுத்திவைக்கிறது. மற்றபடி அதற்குப் பூட்டு என ஒன்று உண்டென்றால், அது பிடித்திருப்பவனின் பெருவிரலே. கவனம் உள்ளவன் கையில் அது காவலோடு இருக்கும். கவனம் இல்லாதவன் கையில் காவலற்று இருக்கும். இந்த ஓர் உண்மையை வாசகர்கள் மனத்திற்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

அழிந்த ஊர் எழுந்த விதம்

இக்கத்தி பிறந்த ஊர் மிக்கி. கோபே துறைமுகத்திற்கு வடமேற்கே ஹியோகோ மாநிலத்தில் அமைந்துள்ளது. 1578ஆம் ஆண்டில் தோயோதோமி ஹிதேயோஷி என்னும் படைத்தலைவர் இவ்வூர்க் கோட்டையை முற்றுகையிட்டார். வாளால் வெல்வதைவிடப் பசியால் வெல்வது எளிது என அவர் கணித்தார். உணவு செல்லும் வழிகள் யாவும் அடைக்கப்பட்டன. முற்றுகை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் நீடித்தது. 1580ஆம் ஆண்டில், இளம் கோட்டைத் தலைவர் பெஷ்ஷோ நாகஹாரு, தம் மக்களைக் காப்பாற்றும் பொருட்டுத் தம் உயிரை மாய்த்துக்கொண்டார் என அவ்வூர் மரபு இன்றும் நினைவுகூர்கிறது.

போர் முடிந்தது, ஊர் பாழாய்க் கிடந்தது. சிதறியோடிய மக்களைத் திரும்ப வரவழைக்க ஹிதேயோஷி வரிவிலக்கு அளித்தார். வீடுகளையும் கோவில்களையும் மீண்டும் எழுப்பத் தச்சர்கள் வந்தனர். தச்சருக்குக் கருவி வேண்டுமல்லவா? ஆகவே கொல்லர்களும் வந்து கூடினர். கட்டட வேலை முடிந்த பின்னரும் கொல்லுலைகள் அணையவில்லை. இரம்பம், உளி, இழைப்புளி, கொத்தனார் கரண்டி என மிக்கியில் செய்த கருவிகள் நாடெங்கும் விலைபோயின. போர்க்கருவிகளால் அழிந்த ஊர், தொழிற்கருவிகளால் உயிர்பெற்றது. இன்றும் அவ்வூருக்குப் பெருமை சேர்ப்பது அதுவே.

1890களில் இவ்வூரில் நம் மடக்குக் கத்தி தோன்றியது. கியூஷூ பக்கத்திலிருந்து வணிகர் கொண்டுவந்த கத்தியை மாதிரியாக வைத்து மிக்கிக் கொல்லர்கள் இதனை உருவாக்கினர். தெற்கே குமமொத்தோ பகுதியில் இது நன்கு விலைபோனதால், அந்நாட்டின் பழம்பெயரையே கத்திக்குச் சூட்டினர் என்பர். 1910ஆம் ஆண்டில் அப்பெயர் வணிக முத்திரையாகப் பதிவுசெய்யப்பட்டது. மிக்கிக் கொல்லர் சங்கத்தினர் மட்டுமே அப்பெயரைப் பொறிக்கலாம் என்ற விதியும் பிறந்தது.

விலை மலிவு, ஆகவே நாடெங்கும் பள்ளிச் சிறுவர்களின் உடைமையாயிற்று. அதனைக் கொண்டு பென்சில் சீவினர், பழம் நறுக்கினர், மூங்கிலைச் சீவி, கையால் சுழற்றி விட்டால் பறக்கும் 'தாக்கெதொம்போ' என்னும் விளையாட்டுத் தும்பி செய்தனர், பட்டத்திற்குக் குச்சி வடித்தனர். விரல் வெட்டுப்பட்டதும் உண்டு. வெட்டுப்பட்ட விரல் அடுத்த முறை எச்சரிக்கையோடு இருந்ததும் உண்டு.

கொல்லுலையில்

கையால் செய்யும் கத்தியின் பிறப்பு நெருப்பில் தொடங்குகிறது. முழு அலகையும் கடின எஃகினால் செய்தால் அது கூர்மையாக இருக்கும். ஆனால் எளிதில் ஒடியும். மெல்லிரும்பினால் செய்தால் ஒடியாது. ஆனால் கூர் நிற்காது. இவ்விரண்டு குறைகளையும் நீக்க ஜப்பானியக் கொல்லர் கண்ட வழி, இரண்டையும் மணமுடித்து வைப்பதே. மெல்லிரும்புத் துண்டைப் பிளந்து, அப்பிளவில் கடின எஃகுத் துண்டைச் செருகுவர். இதற்கு 'வாரிகொமி' என்று பெயர். வெண்காரமும் இரும்புப்பொடியும் கலந்து இடையில் தூவி, ஏறத்தாழ 1000 டிகிரி வெப்பத்தில் காய்ச்சி, சம்மட்டியால் அடிப்பர். வெண்காரம் உருகி, இரும்பின்மேல் படிந்த கசட்டை இளக்கி வெளியேற்றும். தூய உலோகமும் தூய உலோகமும் ஒன்றாகி ஒட்டிக்கொள்ளும். இவ்வாறு இணைத்த தகடு இக்காலத்தில் கடையிலும் கிடைக்கிறது. எனினும் தம் கையாலேயே இணைப்பதைத் தொழிலின் மானமாகக் கருதுவோர் இன்னும் சிலர் உளர்.

கடின எஃகாக வழங்குவது பெரும்பாலும் ஷிமானே மாநிலத்து யசுகி நகரில் வார்க்கப்படும் 'நீலத்தாள் எஃகு' ஆகும். அதனைச் சுற்றி ஒட்டும் தாளின் நிறத்தால் வந்த பெயர் அது, எஃகு நீலமன்று. நூற்றுக்கு ஒன்றுக்குச் சற்று மேற்பட்ட கரியும், சிறிதளவு குரோமியமும் டங்ஸ்டனும் அதில் கலந்திருக்கும். கூர் நெடுநாள் நிற்பதற்கு அவை உதவும்.

அடித்து உருவாக்கிய அலகைச் சாம்பலுக்குள் புதைத்து மெல்ல ஆறவிடுவர். பின்னர் அரத்தால் தேய்த்து வடிவம் தருவர்; வாலையும் ஆணித்துளையையும் அமைப்பர். அடுத்து வருவது தோய்ச்சல். நாட்கணக்கில் செய்த வேலை நன்மையாவதும் பாழாவதும் இந்தச் சில நொடிகளில்தான். அலகின்மேல் மெல்லிய களிமண் குழம்பு பூசி உலையில் இடுவர். பட்டறையை இருளாக்கிக்கொண்டு, இரும்பின் செந்நிறத்தைக் கண்ணால் அளப்பர். ஏறத்தாழ 800 டிகிரியில் எஃகின் உள்ளமைப்பு மாறுகிறது. அந்நிறம் வந்தவுடன் அலகை நீரில் அமிழ்த்துவர். சூடு மிகுந்திருந்தால் அலகு வெடிக்கும். குறைந்திருந்தால் கடினம் ஏறாது. இருளில் நிறம் பார்ப்பதன் காரணம் யாதெனில், பகலொளி கண்ணை ஏமாற்றிவிடும் என்பதே.

தோய்ந்த எஃகு கண்ணாடிபோல் கடினமாகவும் ஒடியும் தன்மையோடும் இருக்கும். ஆகவே மீண்டும் மெதுவாக, இம்முறை 200 டிகிரிக்கும் குறைவாகச் சூடேற்றி அதன் முறுக்கைத் தணிப்பர். அலகின்மேல் தெளித்த நீர்த்துளி உருண்டோடும் விதத்தைக் கண்டே அச்சூட்டை அறியும் பழக்கமும் உண்டு. இறுதியாகச் சொரசொரப்பான கல் தொடங்கி வழுவழுப்பான கல் வரை பல தீட்டுக்கற்களில் தேய்ப்பர். மங்கிய மெல்லிரும்பின் நடுவே, விளிம்பில் மட்டும் கடின எஃகு பளிச்சென்ற கோடாக வெளிப்படும்.

பொருத்தும் வேலையும் எளிதன்று. மடக்கும்போது அலகின் கூர் பிடியின் அடித்தகட்டில் படலாகாது. பட்டால் கூர் மழுங்கும். அலகு இடப்பக்கமோ வலப்பக்கமோ உரசலாகாது. ஆணியின் தலையைச் சுத்தியலால் தட்டி இறுக்கும்போது, தட்டிப்பார்த்து, திறந்துபார்த்து, மீண்டும் தட்டுவர். ஓர் அடி கூடினால் திறக்க இயலாது. ஓர் அடி குறைந்தால் தானே தொங்கும். இயந்திரம் அளக்க முடியாத இந்த இறுக்கத்தைக் கையே அறியும்.

பிடியின் அழகு எங்கிருந்து வந்தது?

சிறுவர் கத்தியின் பிடியில் பெயர்ப்பொறிப்பு அன்றி வேறு அணி எதுவும் இருந்ததில்லை. அப்படியாயின், இன்று கைவினைஞர் இதன் பிடியில் செய்யும் அழகு வேலை எங்கிருந்து வந்தது? அதற்கு நாம் வாளின் பக்கம் திரும்ப வேண்டும்.

சாமுராய் வீரர்களின் வாளுறையின் பக்கவாட்டில் சிறு கத்தி ஒன்று செருகப்பட்டிருக்கும். போருக்கன்று, அன்றாடச் சிறு வேலைகளுக்கு. அதன் பிடியை 'கொசுக்கா' என்பர். ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் நீளமும் ஒன்றரை சென்டிமீட்டர் அகலமும் உள்ள அந்தக் குறுகிய பரப்பில், கொக்கும் நாணலும், நிலவும் அலையும், மழையில் நனையும் உழவனும் உலோகத்தில் உயிர்பெற்றன. 15ஆம் நூற்றாண்டில் கோதோ யூஜோ தொடங்கிவைத்த கோதோ குடும்பத்தார் பல தலைமுறைகளாக இக்கலையில் புகழ்பெற்றனர். மீன்முட்டைகளைப் பரப்பினாற்போன்ற நுண்ணிய புள்ளிகளை வரிசை பிசகாமல் உளியால் பதிப்பது அவர்களது தனிச்சிறப்பு.

1876ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஜப்பான் அரசு ஆணை ஒன்று பிறப்பித்தது. படையினரும் காவலரும் சில அதிகாரிகளும் தவிர, வேறெவரும் பொதுவிடத்தில் வாள் அணிதல் கூடாது. நாட்டின் அமைதிக்கு நல்லதோர் ஆணையே. ஆயினும் வாளை நம்பி வாழ்ந்த கொல்லர், உறை செய்வோர், அணிவேலைக்காரர் ஆகிய யாவருக்கும் பிழைப்பு பறிபோயிற்று. சிலர் தொழிலை விட்டனர். சிலர் கை கற்ற திறமையை வேறு பொருள்களில் இட்டனர். குவளை, பூச்சாடி, புகையிலைப் பை முதலியவற்றில் வாளணிக் கலை புகுந்தது. வாளணி செய்து பெயர்பெற்ற கானோ நத்சுவோ (1828-1898) புதிய அரசின் நாணயங்களுக்கு வடிவம் அமைத்தார். 1890இல் தொக்கியோ கவின்கலைப் பள்ளியில் ஆசிரியராகவும் அமர்ந்தார். கருவி மறைந்தாலும் கலை மறையாதபடி காத்தவர்கள் இத்தகையோரே. அவர்கள் வழிவந்த நுட்பங்களே இன்று மடக்குக் கத்தியின் பிடியை வந்தடைந்துள்ளன.

உலோகம் பேசும் மூன்று மொழிகள்

அந்நுட்பங்களுள் மூன்றை மட்டும் இங்கே கூறுவோம்.

முதலாவது, 'மொக்குமே-கானே'. மரத்தின் வரிகளைப்போன்ற உலோகம் என்பது பொருள். 17ஆம் நூற்றாண்டில் வடக்கே அகிதா நாட்டில் வாழ்ந்த ஷோவாமி தென்பே (1651-1728) இதனைச் செய்தவருள் முதல்வராகக் கருதப்படுகிறார். செம்பு, வெள்ளி, வேறு கலப்பு உலோகங்கள் ஆகியவற்றின் தகடுகளை அப்பழுக்கின்றித் துடைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இறுக்கிக் கட்டிச் சூடேற்றுவர். உருகும் நிலையை எட்டுவதற்குச் சற்று முன்னரே, பற்றுப்பொடி எதுவும் இன்றி அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அக்கட்டியில் ஆங்காங்கே உளியால் குழிதோண்டி, மீண்டும் தட்டையாக அடித்தால், அடியிலுள்ள அடுக்குகள் மேலே வந்து வரிவரியாய்த் தோன்றும். அத்தகட்டை மடித்துப் பிடியாக்கினால், மரப்பிடியோ என ஐயுறுமாறு இருக்கும். ஒரு பிடியின் வரி மற்றொரு பிடியில் அமைவதில்லை.

இரண்டாவது, நிறமூட்டல். ஜப்பானியக் கைவினைஞர் உலோகத்தின்மேல் வண்ணம் பூசுவதில்லை. உலோகத்திற்குள்ளிருந்தே வண்ணத்தை வரவழைக்கின்றனர். செம்பில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு பொன் கலந்தால் 'ஷாக்குதோ' ஆகும். செம்பில் நான்கில் ஒரு பங்கு வெள்ளி சேர்த்தால் 'ஷிபுயிச்சி'. அப்பெயருக்கே நான்கில் ஒன்று என்பதுதான் பொருள். செய்தவுடன் பார்த்தால் இவை சாதாரண உலோகமாகவே தோன்றும். 'ரொக்குஷோ' என்னும் செம்புக்களிம்பு உப்பைக் கரைத்துக் கொதிக்கவைத்த நீரில் இட்டு மெல்ல வேகவைத்தால், ஷாக்குதோ கருநாவல் நிறம் பெறும். ஷிபுயிச்சி மேகச் சாம்பல் நிறம் பெறும். நீரில் இடுவதற்கு முன், துருவிய முள்ளங்கியில் உலோகத்தைத் தோய்த்தெடுப்பர். நிறம் திட்டுத்திட்டாகாமல் சீராகப் படிவதற்கு அது துணைசெய்கிறது. கோடிப் பொருளுக்கும் சமையலறை முள்ளங்கியின் தயவு வேண்டியிருக்கிறது, பாருங்கள்!

இந்நிறம் மயிரிழையினும் மெல்லியது. விரலின் எண்ணெய்ப்பசை பட்டாலும் கெடும். ஆகவே மற்ற வேலைகள் யாவும் முடிந்த பின்னரே நிறமூட்டுவர். அலகையோ செம்புக் கரைசலில் இடக்கூடாது, எஃகில் கறைபடியும். பிடிக்கு நிறமூட்டி முடித்து, அதன்பின் அலகைச் செருகி ஆணி இறுக்கும் அந்தக் கடைசி நேரத்தில் சுத்தியல் சற்றே நழுவினால், பல நாள் உழைப்பின்மேல் வடு விழும்.

மூன்றாவது, 'சோகான்' என்னும் பதிப்பு வேலை. இதில் புகழ்பெற்ற இடம், கத்திக்குப் பெயர் தந்த அதே ஹிகோ நாடு. இரும்பின்மேல் கூரிய உளியால் நெடுக்காகவும் குறுக்காகவும் சாய்வாகவும் நான்கு திசைகளில் மயிரிழைக் கீறல்கள் இடுவர். துணி நெய்தாற்போல் தோன்றும் அப்பரப்பில், பொன்னையோ வெள்ளியையோ தகடாக வெட்டி வைத்து மெல்லத் தட்டினால், கீறல்களின் பற்கள் அதனைக் கவ்விக்கொள்ளும். பின்னர் எஞ்சிய கீறல்களைத் தேய்த்து மறைத்து, இரும்பின்மேல் வேண்டுமென்றே துருவை வரவழைப்பர். துரு சீராகப் படிந்ததும், தேயிலை நீரில் கொதிக்கவைப்பர். தேயிலையின் துவர்ப்பு துருவை மேலும் வளரவிடாமல் தடுத்து, ஆழ்ந்த கருநிறமாக்கிவிடும். இரும்பைத் தின்னும் துருவே இரும்பின் அணியாக மாறும் விந்தை இது. அக்கருமையில் ஒரு சிறு பொன்கீற்று மட்டும் மின்னும்.

ஹிகோ வேலையின் இந்த அடக்கத்திற்கு ஒரு வரலாறு உண்டு. 1632ஆம் ஆண்டு முதல் ஹிகோவை ஆண்டது ஹோசொகாவா குடும்பம். அக்குடும்பத்து முதியவர் தாதாவோகி தேநீர்ச் சடங்கில் தேர்ந்தவர். பகட்டை வெறுத்து எளிமையை விரும்பியவர். வாளணியிலும் அச்சுவையையே வளர்த்தார். அவர் காலத்தில் துப்பாக்கிகளில் பதிப்பு வேலை செய்துவந்த ஹயாஷி மத்தாஷிச்சி வாளணியிலும் அந்நுட்பத்தைக் கையாண்டு இம்மரபை நிலைநாட்டினார். இந்தத் தாதாவோகியின் துணைவியே, ஜப்பான் திருச்சபை வரலாற்றில் நாம் அறிந்த கிராசியா அம்மையார். 1587இல் திருமுழுக்குப் பெற்று, 1600இல் ஒசாகாவில் பகைவர் தம்மைப் பிணையாகப் பிடிக்க முற்பட்டபோது உயிர்நீத்தவர் அவர். ஹிகோவின் அதிபராக 1632இல் நுழைந்த தாதாதோஷி அவர் பெற்ற மகன். அந்நாளிலோ கிறிஸ்தவ மறை நாடெங்கும் தடைசெய்யப்பட்டிருந்தது. அன்னையின் மறைக்கு இடமில்லாத நாட்டில் தந்தையின் கலைச்சுவை வேரூன்றியது. வரலாறு எதனைக் காக்கும், எதனை நழுவவிடும் என்பதை யாரே அறிவர்!

அச்சம் செய்த வேலை

இனி, கத்தி மறைந்த கதைக்கு வருவோம். 1960ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள் தொக்கியோவின் ஹிபியா மன்றத்தில் சோசலிஸ்டுக் கட்சித் தலைவர் அசானுமா இனெஜிரோ மேடையில் பேசிக்கொண்டிருந்தார். பதினேழு வயது இளைஞன் ஒருவன் மேடையேறிப் பாய்ந்து அவரைக் குத்திக் கொன்றான். தொலைக்காட்சி வழியாக அக்கொடுமையை நாடே கண்டு நடுங்கியது. இளைஞர் கையில் கத்தி இருத்தல் ஆகாது என்ற குரல் எங்கும் எழுந்தது. பெற்றோரும் பள்ளிகளும் சேர்ந்து, பிள்ளைகளிடம் கூரிய கருவிகள் இராதபடி செய்யும் இயக்கம் பரவியது.

அவ்விளைஞன் ஏந்தியிருந்தது பழைய குறுவாள். பென்சில் சீவும் மடக்குக் கத்தியன்று. ஆனால் அச்சத்திற்கு அத்தகைய வேறுபாடுகள் தெரிவதில்லை. குறுவாள் செய்த குற்றத்திற்குப் பேனாக்கத்தி தண்டனை ஏற்றது.

அச்சம் மட்டுமே காரணம் என்று கூறுதலும் நேர்மையாகாது. பென்சில் சீவும் இயந்திரங்கள் பள்ளிகளில் புகுந்தன. 1956ஆம் ஆண்டில் ஒசாகாவைச் சேர்ந்த ஒக்காதா யோஷியோ, கூர் மழுங்கிய நுனியை முறித்தெறிந்தால் புதிய நுனி வெளிப்படும் தாள்வெட்டியைக் கண்டுபிடித்தார். சாக்கொலேட்டுக் கட்டியைக் கோட்டின் வழியே உடைப்பதைக் கண்டு எழுந்த எண்ணம் என்பர். உலகெங்கும் பயன்படும் நல்ல கருவி அது, ஐயமில்லை. ஆயினும் இரண்டிற்கும் உள்ள வேற்றுமையை எண்ணிப்பாருங்கள். ஒன்று மழுங்கினால் முறித்து எறிகிறோம். மற்றொன்று மழுங்கினால் கல்லில் நீர் தெளித்து, பொறுமையோடு தீட்டுகிறோம். முன்னது வேலையை மட்டும் முடித்துத் தருகிறது. பின்னது வேலை செய்பவனையும் பழக்கித் தருகிறது.

முன்பு மிக்கியில் பல பட்டறைகள் இக்கத்தியைச் செய்தன. இன்று பதிவுபெற்ற அப்பெயரைப் பொறிக்கும் உரிமையோடு எஞ்சியிருப்பது நாகாவோ கானெகொமா என்னும் ஒரே பட்டறை. சங்கத்தின் கடைசி உறுப்பினரும் அதுவே. இன்றைய ஜப்பானியச் சட்டப்படி, அலகு 6 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கத்தியைத் தக்க காரணமின்றி வெளியில் எடுத்துச் செல்லுதல் குற்றமாகும். சிறு மடக்குக் கத்திகளுக்கு அளவு வகுத்துச் சிறிது சலுகை உண்டு. ஆகவே இக்கத்தி இன்று பெரும்பாலும் மேசையிலும் தொழிற்கூடத்திலும், கலையை விரும்புவோரின் பேழையிலும் வாழ்கிறது.

இரண்டு ஆறுகள் கூடும் இடம்

இப்பொழுது கைவினைஞன் செய்து முடித்த ஒரு கத்தியைக் கையில் எடுத்துப் பாருங்கள். அதன் அலகில் மிக்கி நகரத்துக் கொல்லனின் நெருப்பு இருக்கிறது. அதன் பிடியில் சாமுராய் வாளணிக்காரனின் உளி இருக்கிறது. முன்னவன் ஏழைச் சிறுவனுக்கு உழைத்தவன். பின்னவன் செல்வப் பிரபுவுக்கு உழைத்தவன். 1876இல் பிறந்த ஆணையால் ஒருவன் உலகம் சரிந்தது. 1960இல் எழுந்த அச்சத்தால் மற்றவன் உலகம் சரிந்தது. வாழ்விழந்த இரு கலைகளும் உள்ளங்கையளவுப் பொருள் ஒன்றில் கைகோத்து வாழ்கின்றன.

ஆனால் இதில் ஓர் ஆபத்தும் உண்டு. கத்தி அழகுபெற அழகுபெற, கண்ணாடிப் பேழைக்குள் போய்விடும். வெட்டாத கத்தி வெறும் நகையே. இதனை நன்கு உணர்ந்த கைவினைஞர், எத்துணைப் பொன் பதித்தாலும் கையில் குத்தாதபடி மேடுகளைத் தேய்த்தே விடுவர். பெருவிரல் படும் வாலை வெறுமையாகவே விடுவர். அழகு வேலைக்கு வழிவிட வேண்டும். வழிமறிக்கலாகாது என்பது அவர்கள் கொள்கை.

பயன்படுத்துவோர்க்கும் கடமை உண்டு. நீலத்தாள் எஃகு துருப்பிடிக்கும். எலுமிச்சை அரிந்தால் கறுக்கும். பயன்படுத்தியவுடன் துடைத்து உலர்த்தி, மெல்லிய எண்ணெய் பூச வேண்டும். காமெலியா விதையின் எண்ணெயை அந்நாட்டார் இதற்குப் பயன்படுத்துவர். இவ்வாறு பேணினால் ஒரு கத்தி தந்தையிடமிருந்து மகனுக்குப் போகும். பேணாவிடில் ஒரு மழைக்காலத்தையும் தாண்டாது.

மகிழத்தக்க செய்தி ஒன்றும் உண்டு. நாகானோ மாநிலத்து இகேதா என்னும் ஊரில், ஒரு தொடக்கப் பள்ளி 1980கள் முதல் புதுமையான வழக்கமொன்றைக் கைக்கொண்டு வருகிறது. முதல் வகுப்பில் சேரும் குழந்தைகளுக்கு ஹிகோ நோ காமி கத்தி வழங்கப்படுகிறது. அதனைக் கொண்டு அவர்கள் தம் பென்சிலைத் தாமே சீவுகின்றனர். மழுங்கினால் தீட்டவும் கற்கின்றனர். நாடு அஞ்சி ஒதுக்கிய கருவியை ஆறு வயதுக் குழந்தையின் கையில் கொடுத்து, "இதனை நீ ஆளலாம், ஆளக் கற்றுக்கொள்" என்று கூறும் துணிவு அது. கண்மூடித்தனமான துணிவன்று, அருகில் நின்று கற்பிக்கும் ஆசிரியரின் துணிவு.

பெற்றோர்களே, ஒரு சொல்

கத்தியைக் குழந்தையிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுங்கள் என்று நான் கூறவில்லை. எட்டாத உயரத்தில் வைப்பது எளிது. அதற்கு ஒரு கணம் போதும். அருகில் அமர்ந்து, "பெருவிரலை இங்கே வை, கூரை உன் உடம்பை நோக்கித் திருப்பாதே, வேலை முடிந்ததும் மடக்கி வை" என்று நாள்தோறும் சொல்லிக்கொடுப்பது அரிது, அதற்குப் பொறுமை வேண்டும். எளியதைச் செய்துவிட்டுக் கடமை முடிந்ததென்று எண்ணிவிடுகிறோம். பிள்ளையோ வளர்கிறான். ஒருநாள் அவன் கை, நாம் ஒளித்துவைத்த உயரத்தை எட்டிவிடும். அன்று அவனிடம் கத்தி இருக்கும், பழக்கம் இராது.

அரிவாள்மணையில் தொடங்கி அடுப்பு வரை, மிதிவண்டியில் தொடங்கிக் கைப்பேசி வரை, பிள்ளைகள் கையாளப்போகும் கருவிகள் பல. எல்லாவற்றிற்கும் பூட்டுச் செய்துகொண்டே போக நம்மால் இயலாது. ஹிகோ நோ காமிக்கு அக்கொல்லர்கள் பூட்டு வைக்கவில்லை. பிடித்திருப்பவனின் பெருவிரலை நம்பினார்கள். அவ்விரலுக்குப் பழக்கம் தரும் வேலையைப் பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் விட்டுவைத்தார்கள்.

இன்று மாலை உங்கள் பிள்ளையின் பென்சில் மழுங்கியிருந்தால், சற்று நேரம் ஒதுக்கி அவனருகில் அமருங்கள். நீங்கள் சீவிக் கொடுக்க வேண்டாம். அவன் சீவட்டும், நீங்கள் அவன் விரலைப் பார்த்துக்கொண்டிருங்கள்.